பாதிப் பேரை அளந்த மருத்துவம்

நூல்: ‘இன்விசிபிள் விமன்’ (ஆங்கிலம்). ஆசிரியர்: கரோலைன் கிரியாடோ பெரெஸ். வெளியீடு: சாட்டோ அண்டு விண்டஸ், லண்டன், 2019.

திருகு அளவியின் சுழிப் பிழையைப் பார்க்காமல் கம்பியின் தடிமனைக் குறித்துக்கொண்டு வரும் மாணவரின் கணக்கை எந்த இயற்பியல் ஆசிரியரும் ஏற்பதில்லை. கருவி எதை வைத்துச் சரிபார்க்கப்பட்டது என்று தெரியாதவரை, அது காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை. மனித உடலை அளக்கும் மருத்துவத்தில் இந்த எளிய விதி எவ்வளவு காலம் மீறப்பட்டது என்பதை இந்த நூல் எடுத்துக்காட்டுகிறது.

ஆசிரியர் பிரிட்டனைச் சேர்ந்த எழுத்தாளர். 2019ஆம் ஆண்டுக்கான ராயல் கழகத்தின் அறிவியல் நூல் பரிசு இந்நூலுக்குக் கிடைத்தது. சுவீடன் நாட்டில் தெருவிலுள்ள பனியை அகற்றும் முறையில் தொடங்கி அலுவலகம், ஊர்தி, கருவி, அரசியல் எனப் பல துறைகளுக்குச் செல்கிறார். எங்கும் ஆணே ‘பொது மனிதன்’. பெண்ணைப் பற்றிய தகவல் திரட்டப்படுவதில்லை, அல்லது திரட்டியும் பிரித்துப் பார்க்கப்படுவதில்லை என்பது அவர் வாதம். இதில் தீய எண்ணம் இருக்க வேண்டியதில்லை, சிந்திக்காமை ஒன்றே போதும் என்கிறார். மருத்துவம் பற்றிய இயல்களே நூலின் உயிர்ப்பகுதி. இம்மதிப்புரையும் அவற்றைப் பற்றியதே.

பெண்கள் மருந்தாய்வுகளில் இடம்பெறாததற்கு ஒரு வரலாறு உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்தைக் கருவுற்ற பெண்கள் உட்கொண்டதால், பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊனத்துடன் பிறந்தன. 1961இல் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. கருவுற்றோருக்கு ஏற்றதா என்று போதிய அளவு சோதிக்காமல் அவர்களுக்கே கொடுத்ததுதான் அங்கு நேர்ந்த குற்றம். அதிலிருந்து கற்க வேண்டிய பாடம், ‘இன்னும் கவனமாகச் சோதிக்க வேண்டும்’ என்பது. ஆனால் 1977இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வகுத்த நெறிமுறை, கருவுறும் வயதிலுள்ள பெண்களை மருந்தாய்வின் தொடக்கக் கட்டங்களிலிருந்தே விலக்கிவைத்தது. 1993இல்தான் அந்த நெறிமுறை மாற்றப்பட்டது. அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்ற சட்டமும் அமெரிக்காவில் அதே ஆண்டில் வந்தது. ஆய்வில்தான் விலக்கினார்களே தவிர, ஆண்களிடம் சோதித்த மருந்துகளைப் பெண்களுக்குக் கொடுப்பது நிற்கவில்லை. காப்பதாகச் சொல்லி, சோதனையை ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நூலில் இயற்பியல் மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய சான்று ஒன்று உண்டு. இதயம் தளர்ந்த சிலருக்கு, அதன் இரு கீழறைகளையும் ஒருசேரத் துடிக்கச் செய்யும் மின்கருவி ஒன்றைப் பொருத்துவார்கள். மின்னலை கீழறைகளில் பரவ எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை இ.சி.ஜி. தாளில் அளந்து, யாருக்குக் கருவி தேவை என்று முடிவு செய்கிறார்கள். 150 மில்லி விநாடியைத் தாண்டியவர்களுக்கே உறுதியாகப் பரிந்துரைப்பது வழக்கமாக இருந்தது. முன்பு நடந்த மூன்று ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் ஆராய்ந்தபோது, இடப்பக்க மின்பாதை தடைப்பட்டவர்களில் 130 முதல் 149 வரை இருந்த பெண்களுக்கும் இக்கருவி பெரும்பயன் அளித்தது தெரியவந்தது. அதே நிலையிலிருந்த ஆண்களிடம் அப்பயன் தென்படவில்லை. இம்மூன்று ஆய்வுகளிலும் பெண்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. தனித்தனி ஆய்வில் அவர்கள் எண்ணிக்கை மிகச் சிறிது என்பதால் உண்மை மறைந்தே கிடந்தது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? பெண்ணின் இதயம் பொதுவாக ஆணின் இதயத்தைவிடச் சிறியது என்பது ஒரு விளக்கம். தொலைவு குறைந்தால், அதே வேகத்தில் செல்லும் அலைக்கு நேரமும் குறைய வேண்டும். குறைந்த தொலைவுக்கு 140 மில்லி விநாடி ஆகிறதென்றால் பழுது பெரிது என்று பொருள். பள்ளியில் படித்த வேகச் சூத்திரமே இங்கு ஓர் உயிரின் கணக்காகிறது. இத்தகைய ‘ஏன்’ என்ற விளக்கங்களை ஆசிரியர் இன்னும் அதிகமாகத் தந்திருக்கலாம். சான்றுக்கு மேல் சான்றாக அடுக்கிக்கொண்டே செல்வதால் படிப்பவருக்குச் சினம் பிறக்கிறது. தெளிவு அதே அளவுக்குப் பிறப்பதில்லை.

நூலின் முதற்குறை, அது ஒப்பீட்டு விழுக்காடுகளை மிகுதியாக நம்புவது. மாரடைப்பு வந்த பெண்ணுக்கு நோய் தவறாகக் கணிக்கப்படும் வாய்ப்பு ஆணைவிட 50 விழுக்காடு அதிகம் என்று ஒரு பிரிட்டிஷ் ஆய்வை எடுத்துக்காட்டுகிறார். எதைவிட அதிகம், மொத்தத்தில் எத்தனை பேர் என்பது உடனே எழ வேண்டிய கேள்வி. அந்த ஆய்வில், இருபாலரையும் சேர்த்து, பத்தில் மூன்று பேருக்கு முதற்கணிப்பு இறுதிக் கணிப்போடு பொருந்தவில்லை. அதாவது ஆண்களுக்கும் பிழை நேர்கிறது, பெண்களுக்குக் கூடுதலாக நேர்கிறது. அடிப்படை எண்ணையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் வாதம் வலுத்திருக்குமேயன்றிக் குறைந்திராது.

முழு எண்களோடு பார்த்தால் எவ்வளவு தெளிவு பிறக்கிறது என்பதற்கு ஆஸ்பிரின் ஆய்வுகள் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து, 1989இல் அதன் முடிவு வெளியாயிற்று. அனைவரும் ஆண்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் உண்ட பாதிப் பேரில் 139 பேருக்கும், போலி மாத்திரை உண்ட மறுபாதியில் 239 பேருக்கும் மாரடைப்பு வந்தது. 44 விழுக்காடு குறைவு என்று செய்தி பரவியது. இது ஐந்தாண்டில், நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவானவர்கள் தப்பித்த கணக்கு.

பெண்களின் நிலை என்ன? 39,876 பெண்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியாயிற்று. ஆஸ்பிரின் உண்டவர்களில் 198 பேருக்கும் உண்ணாதவர்களில் 193 பேருக்கும் மாரடைப்பு, மருந்தால் பயனில்லை. ஆனால் பக்கவாதம் 266இலிருந்து 221ஆகக் குறைந்தது. (ஆஸ்பிரினால் இரத்தக்கசிவு நேரலாம், மருத்துவர் சொல்லாமல் எவரும் இதை நாள்தோறும் உண்ணலாகாது.)

அப்படியானால் ஆஸ்பிரின் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறாக வேலை செய்கிறதா? அவசரப்பட்டு ஆம் என்று சொல்ல முடியாது. ஆண்களுக்குக் கொடுத்த அளவு 325 மில்லிகிராம். பெண்களுக்கு 100 மில்லிகிராம். காலமும் வேறு. ஒரே நேரத்தில் பல மாறிகளை மாற்றினால் எந்த மாற்றத்துக்கு எது காரணம் என்று பிரிக்க இயலாது என்பது ஆய்வின் அரிச்சுவடி. முதல் ஆய்விலேயே பெண்களையும் போதிய அளவில் சேர்த்திருந்தால், இக்கேள்விக்கு அன்றே விடை கிடைத்திருக்கும். பெண்களை விலக்கியதால் ஏற்பட்ட இழப்பு, பதினாறு ஆண்டு கழித்து வேறோர் ஆய்வு நடத்தியும் முழுமையாக ஈடாகவில்லை.

இரண்டாவது குறை ஆழமானது. தகவல் இல்லாமையே நோய், தகவலே மருந்து என்ற எண்ணம் நூல் நெடுகிலும் ஓடுகிறது. தகவல் கிடைத்த பிறகு என்ன ஆகிறது? மாரடைப்பில் இதயத்தசை சிதைந்தால் டிரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் மிகும். எடின்பரோவில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், நுண்ணிய சோதனை ஒன்றைக் கொண்டு லிட்டருக்கு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 16 நானோகிராம் எனத் தனித்தனி எல்லை வைத்துப் பார்த்தார்கள். நெஞ்சுவலி முதலியவற்றோடு வந்த பெண்களில் மாரடைப்பு எனக் கணிக்கப்பட்டோர் 11 விழுக்காட்டிலிருந்து 22 ஆக உயர்ந்தனர். அளவுகோல் திருந்திவிட்டது! ஆனால் இந்நூல் வந்த அதே 2019இல், ஸ்காட்லாந்தில் 48,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு வெளியாயிற்று. தனி எல்லையால் கூடுதலான பெண்கள் இனங்காணப்பட்டனர். எனினும், ஆண்களுக்குக் கிடைத்த சிகிச்சையில் ஏறத்தாழப் பாதியே பெண்களுக்குக் கிடைத்தது. பின்விளைவுகளும் குறையவில்லை. சரியான எண்ணைக் கருவி காட்டினாலும், அதை நம்பி மருத்துவர் செயற்பட்டால்தான் பயன். இந்த இரண்டாம் பாதியை இனி வருவோர் எழுத வேண்டும்.

‘உடலுக்கு உடல் வேறுபாடு உண்டு, பாலுக்கொரு எல்லை வகுத்தால் குழப்பமாகாதா?’ என்று சிலர் கேட்கலாம். நம் ஊர் இரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபினுக்கு எதிரே ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று என இரண்டு எல்லைகள் அச்சிட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் இரத்தசோகைக்கு வகுத்த எல்லை, டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராம், கருவுறாத பெண்களுக்கு 12 கிராம். இதனால் எவரும் குழம்பவில்லை. இரத்தத்துக்குச் செய்ததை இதயத்துக்கும், மருந்தின் அளவுக்கும், எங்கெல்லாம் வேறுபாடு மெய்ப்பிக்கப்படுகிறதோ அங்கெல்லாம் செய்யலாம்.

குறைகள் இருப்பினும் கல்லூரி நூலகங்கள் வாங்கி வைக்கத் தக்க நூல் இது. ஆங்கில நடை எளியது. இளநிலை மாணவர்கள் அகராதியின் துணையோடு படித்துவிடலாம். படித்தபின் ஒரு பழக்கம் வந்தால் போதும். புதிய மருந்து ஒன்று இத்தனை விழுக்காடு பயன் தந்தது என்று செய்தித்தாளில் கண்டால், எத்தனை பேரில், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், முடிவைப் பிரித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அந்த மருந்தை நாளை உண்ணப் போகிறவர் உங்கள் தாயாகவோ தமக்கையாகவோ இருக்கலாம்.