போர்ஷியா கைக்குப் பந்து வந்தால்

ரக்பியில் விங்கரின் வேலை பெரும்பாலும் காத்திருப்பதுதான். நடுக்களத்தில் மற்றவர்கள் முட்டிமோதிக்கொண்டிருக்க, கோட்டோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பந்து எப்போது வரும் என்று சொல்லமுடியாது. வந்தாலும் நான்கைந்து விநாடிதான். நியூசிலாந்தின் போர்ஷியா உட்மன்-விக்லிஃப் ஆடிய ஆட்டங்களை நான் தேடித்தேடிப் பார்ப்பது அந்த நான்கைந்து விநாடிகளுக்காகத்தான். பெண்கள் ரக்பியில் அவரை மிஞ்சிய விங்கர் இல்லை. ஆண்களையும் சேர்த்துக்கொண்டாலும் என் தீர்ப்பு மாறாது.

வேகமாக ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எதிராளியைக் கண்டதும் அவர்கள் வளைவார்கள், ஒதுங்குவார்கள். போர்ஷியா பெரும்பாலும் நேராகவே போவார். பந்தைக் கோட்டுப் பக்கக் கையில் இடுக்கிக்கொண்டு மற்றொரு கையைக் காலியாக வைத்துக்கொள்வார். டேக்கிள் செய்ய, அதாவது மடக்கிப் பிடிக்க, பாய்கிறவரின் தோளில் அந்த உள்ளங்கை பதிந்து ஒரு தள்ளு தள்ளும். பாய்ந்தவர் புல்லில் கிடப்பார். அதற்காக ஓட்டம் ஒரு அடிகூடத் தடைபடாது. கபடியில் நான்கு பேர் பிடியை உதறிக்கொண்டு நடுக்கோட்டைத் தொடும் ஆட்டக்காரரைப் பார்க்கும்போது வயிற்றுக்குள் ஒரு துள்ளல் வருமே, போர்ஷியா ஓடும்போதெல்லாம் எனக்கு அது வரும்.

1991இல் நியூசிலாந்தின் வடகோடிப் பகுதியான நார்த்லாந்தில், கைகோஹே என்ற சிற்றூரில் பிறந்தவர். மாவோரிக் குடும்பம். அப்பா கவேனா உட்மனும் பெரியப்பா சித்தப்பா வரிசையில் வரும் ஃப்ரெட் உட்மனும் நியூசிலாந்தின் ஆண்கள் ரக்பி அணியான ஆல் பிளாக்ஸுக்கு ஆடியவர்கள். அப்படியிருந்தும் இவர் முதலில் பேர் வாங்கியது நெட்பாலில். நார்தர்ன் மிஸ்டிக்ஸ் அணியின் வீராங்கனை. ரியோ ஒலிம்பிக்கில் ஏழுபேர் ரக்பி, அதாவது செவன்ஸ், சேர்க்கப்படுகிறது என்று முடிவானதும் நியூசிலாந்து வேறு விளையாட்டுகளில் இருந்த பெண்களையும் அழைத்துச் சோதித்துப் பார்த்தது. 2012இல் நடந்த அந்தத் தேடலில் கிடைத்தவர் இவர். மறு ஆண்டே மாஸ்கோவில் செவன்ஸ் உலகக்கோப்பையை வென்ற அணியில் இருந்தார்!

செவன்ஸ் என்பது ஏழேழு நிமிடமாக இரண்டு பாதி. களத்தின் அளவு பதினைந்து பேர் ஆட்டத்துக்கு உள்ளதேதான். வெற்றிடம் நிறைய, மூச்சுவிட நேரம் குறைவு. அதில் வளர்ந்த கால்கள் 80 நிமிட ஆட்டத்தின் நெரிசலிலும் அதே வித்தையைக் காட்டியதுதான் எனக்கு இன்றுவரை வியப்பு. 2015இல் உலகின் சிறந்த செவன்ஸ் வீராங்கனை விருது. 2017இல் பதினைந்து பேர் ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை விருது. இரண்டும் ஒரே ஆளுக்கு!

ரியோவை விட்டுவிட்டு இவர் கதையைச் சொல்லமுடியாது. 2016 இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 17-24 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் போர்ஷியா மஞ்சள் அட்டை வாங்கி வெளியே உட்காரவேண்டி வந்தது. செவன்ஸில் இரண்டு நிமிடம் ஒரு ஆள் குறைந்தால் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று ஆட்டம் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டாம். வெள்ளிப் பதக்கத்தோடு நின்ற அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அயர்லாந்தில் நடந்த பதினைந்து பேர் உலகக்கோப்பையில் ஹாங்காங்குக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் எட்டு ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) வைத்தார். தொடர் முழுக்கப் பதின்மூன்று. பெல்ஃபாஸ்டில் இங்கிலாந்தை 41-32 என்று வீழ்த்திக் கோப்பை.

பிறகு குதிகால் தசைநாண் அறுந்தது. வேகத்தை நம்பிப் பிழைக்கும் விங்கருக்கு இதைவிடக் கொடிய காயம் இல்லை. ஓராண்டுக்கு மேல் களத்தில் இல்லை. ‘அவ்வளவுதான்’ என்று பேசியவர்களுக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் பதில் கிடைத்தது: இறுதியில் ஃபிரான்ஸை 26-12 என்று வென்று தங்கம். அன்று நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போனது.

ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே 2022தான். கோவிட்டால் ஓராண்டு தள்ளிப்போன உலகக்கோப்பை நியூசிலாந்திலேயே நடந்தது. அதுவரை உலகக்கோப்பைகளில் அதிக ட்ரை வைத்தவர் இங்கிலாந்தின் சூ டே, 19. வேல்ஸுக்கு எதிரான காலிறுதியில் இரண்டு ட்ரை வைத்து 20ஐத் தொட்டார் போர்ஷியா. ஆடிய ஊர் ஃபங்காரே, அவருடைய சொந்த நார்த்லாந்து! அந்த நாளில் ஆண்கள் உலகக்கோப்பையின் உச்சம் 15. ஜோனா லோமுவும் பிரையன் ஹபானாவும் சேர்ந்து வைத்திருந்த சாதனை. லோமுவைக் கொண்டாடும் வாயால் போர்ஷியாவின் பெயரையும் சொல்லுங்கள் என்று நண்பர்களிடம் சண்டைபோட எனக்கு அந்த எண் போதும்.

நவம்பர் 12, இறுதியாட்டம். ஈடன் பார்க்கில் 42,579 பேர். நம் ஊரில் அது சனிக்கிழமை நண்பகல். எதிரே தொடர்ந்து 30 ஆட்டம் வென்று வந்த இங்கிலாந்து. பதினெட்டாவது நிமிடம் இங்கிலாந்தின் லிடியா தாம்ப்சனின் டேக்கிளில் தலையோடு தலை மோதிப் போர்ஷியா விழுந்தார். தாம்ப்சனுக்குச் சிவப்பு அட்டை. போர்ஷியாவுக்கு அத்தோடு ஆட்டம் முடிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் இடத்துக்கு வந்த அயேஷா லெட்டி-ஈகா 71ஆவது நிமிடத்தில் வைத்த ட்ரைதான் நியூசிலாந்தை முன்னுக்குக் கொண்டுபோனது. கடைசி நொடியில் ட்ரை கோட்டுக்கு ஐந்து மீட்டரில் இங்கிலாந்துக்கு லைன்அவுட், அதாவது கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறியும் வாய்ப்பு. அன்று அவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தள்ளித்தள்ளிப் புள்ளி எடுத்திருந்தார்கள். நியூசிலாந்தின் ஜோனா ங்கான்-வூ எம்பிப் பந்தைக் கெடுத்தார். 34-31. கடைசிப் பத்து நிமிடம் நான் உட்காரவே இல்லை.

2024இல் பாரிஸில் கனடாவை 19-12 என்று வென்று இரண்டாவது ஒலிம்பிக் தங்கம். அதோடு ஓய்வு என்றார். 2025 உலகக்கோப்பைக்கு, 34 வயதில், மறுபடி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். கனடாவிடம் அரையிறுதியில் தோல்வி, ஃபிரான்ஸை வென்று வெண்கலம். தங்கத்தை மட்டும் தேடியிருந்தால் பாரிஸோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவருக்கு ஆட்டமே வேண்டியிருந்தது. அதனாலேயே எனக்கு அவர்மேல் இத்தனை பிரியம்.

ரக்பி புரியாது என்று ஒதுங்கவேண்டாம். 2022 அக்டோபர் 8 அன்று ஆஸ்திரேலியாவோடு நடந்த ஆட்டத்தின் பதிவைத் தேடிப் பாருங்கள். 0-17 என்று பின்தங்கி, 41-17 என்று வென்ற ஆட்டம். போர்ஷியா மட்டும் மூன்று ட்ரை. விதி ஒன்றும் தெரியவேண்டாம். கோட்டோரம் நிற்கும் அவர் மேலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.