காலங்கடந்து மீண்டோர் கதைகள்

குழந்தைகளுக்கென எடுக்கப்பட்ட ஒரு சித்திரப் படத்தைப் பற்றி இலக்கிய மலரில் திறனாய்வு எழுதுவது தகுமா எனச் சிலர் வினவலாம். பெரியவர்களுக்குரிய நூல் ஒன்றை நாம் வாழ்நாளில் ஒருமுறை படிக்கிறோம். மிகவும் பிடித்துவிட்டால் மறுமுறையும் படிக்கிறோம். பிள்ளைகளோ ஒரே கதையைப் பத்து முறையும் இருபது முறையும் சலிப்பின்றிக் கேட்கின்றனர். ஒரு குடும்பத்தின் மனத்தில் எந்தக் கதை ஆழமாக வேரூன்றுகிறது என்று எண்ணிப் பார்த்தால், தொலைக்காட்சியின்முன் அமர்ந்து சோறுண்ணும் குழந்தை கேட்கும் கதையையே முதலில் ஆராய வேண்டும் என்பது விளங்கும். அலிப்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் நன்கறிந்த 'சோட்டா பீம்' தொடரையும், அதிலிருந்து கிளைத்து 2012ஆம் ஆண்டு மே மாதம் திரைக்கு வந்த 'சோட்டா பீமும் தம்யானின் சாபமும்' என்னும் படத்தையும் அதனாலேயே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

ஐதராபாத்தில் உள்ள கிரீன் கோல்ட் அனிமேஷன் நிறுவனத்தை நிறுவிய ராஜீவ் சிலகா படைத்த இத்தொடர், 2008ஆம் ஆண்டில் போகோ தொலைக்காட்சியில் தொடங்கியது. டோலக்பூர் என்னும் கற்பனை ஊரில் வாழும் ஒன்பது வயதுச் சிறுவன் பீம்; லட்டு உண்டால் அவன் வலிமை பெருகும். சுட்கி, ராஜு, ஜக்கு என்னும் பேசும் குரங்கு ஆகியோர் அவன் தோழர். காலியாவும், இரட்டையரான டோலு, போலுவும் அவனோடு போட்டியிடுவோர். பெயரும் வலிமையும் பாரதத்து வீமனை நினைவூட்டினும் இவன் வீமன் அல்லன். வேட்டி கட்டிய ஒரு கிராமத்துச் சிறுவனே ஆவான்.

படத்தின் கதை எளியது. சாபத்தால் அடைபட்டுக் கிடக்கும் சோனாபூர் என்னும் நகரில் பொன் குவிந்திருப்பதாகச் செய்தி பரவுகிறது. அப்பொன்னின் கவர்ச்சியால் மக்கள் அங்குச் செல்ல, தம்யான் என்னும் கொடியவன் விடுதலை பெறுகிறான். அவன் இறவா வரம் பெற்றவன்; ஆதலின் இக்காலத்தில் அவனை வெல்லல் இயலாது. அவ்வரத்தை அவன் பெறுவதற்கு முன்னரே அவனைத் தடுத்தல் வேண்டும். எனவே பீமும் தோழர்களும் குரு சம்புவின் துணையால் ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, பகைவனை வென்று, தம் காலத்துக்கு மீள்கின்றனர்.

இப்படத்தின் நலங்களை முதலில் கூறுதல் முறையாகும். அமெரிக்கச் சித்திரக் கதைகளில் 1960இல் தோன்றிய 'ஜஸ்டிஸ் லீக்', 1963இல் தோன்றிய 'அவெஞ்சர்ஸ்' ஆகிய வீரர் குழுக்களில் பெரும்பாலோர் தனித்தனி ஆற்றல் உடையவர்கள். ஒருவர் பறப்பார், ஒருவர் இடியை ஏவுவார். பீமின் குழுவிலோ அவன் ஒருவனே பேராற்றல் உடையவன். ஏனையோர் நம் தெருவில் விளையாடும் பிள்ளைகளைப் போன்றவர்கள். ஆயினும் அவர்கள் உடன் செல்கிறார்கள். ஊரில் நாள்தோறும் வம்புக்கு இழுக்கும் காலியாவும் இடர் வந்தபோது குழுவோடு நிற்கிறான். போட்டி வேறு, பகை வேறு என்னும் இந்தப் பாடம் சிறுவர் கதைகளில் அரிதாகவே கிடைப்பது. கேட்டுக்கு முதற்காரணம் மனிதரின் பொன்னாசையே என்று காட்டியதும் போற்றத்தக்கது. தீமை வானத்திலிருந்து வந்து விழவில்லை. பேராசையே அதற்குக் கதவு திறந்துவிட்டது.

இனி, குறைக்கு வருவோம். கதையின் உயிர்நாடி காலப் பயணமே. அந்தக் காலம் இப்படத்தில் ஒரு சாலையாக மட்டுமே நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து செல்வதும் அடுத்த ஊருக்குச் சென்று சண்டையிட்டுத் திரும்புவதும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. சென்றவர் சென்றபடியே மீள்கின்றனர். அவர்கள் திரும்பும் ஊரும் அவர்கள் அறிந்த ஊரே. கடந்த காலத்திலிருந்து அவர்கள் கொண்டுவந்ததும் இல்லை. அங்கே விட்டுவந்ததும் இல்லை.

காலப் பயணக் கதைகளுக்கு மேலைநாட்டில் வழிவகுத்த எச். ஜி. வெல்ஸ், 1895இல் வெளியிட்ட 'கால இயந்திரம்' என்னும் நாவலில், எதிர்காலம் சென்று மீண்டவனின் சட்டைப்பையில் வாடிய மலர்கள் இரண்டை வைத்தார். அம்மலர்களைச் சூட்டிய நட்பு எங்கோ எதிர்காலத்தில் அழிந்துபோயிற்று என்பதை அவை சொல்லாமற் சொல்கின்றன. 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்திலும் காலத்தைத் திருத்தச் சென்ற குழு தன் உறுப்பினரை இழக்கிறது. காலத்தைக் கடப்பதற்கு ஒரு விலை உண்டு என்னும் உணர்வு அங்கெல்லாம் இருக்கிறது. டோலக்பூரில் மட்டும் அவ்விலை இல்லை.

அதற்குக் காரணம் தேடினால் டோலக்பூரின் இயல்பிலேயே அது கிடைக்கும். டோலக்பூர் மாறாத ஊர். 2008இல் ஒன்பது வயதாயிருந்த பீம் அதன்பின் வந்த கதைகளிலும் சிறுவனாகவே இருக்கிறான். இதே கதை 2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில், அனுபம் கேர் குரு சம்புவாக நடிக்க, மனிதர்களே நடித்த படமாக மீண்டும் வந்தது. முதற்படத்தை எட்டு வயதில் கண்ட பிள்ளைக்கு அப்போது இருபது வயது. அப்பிள்ளை பள்ளி முடித்திருக்கும், மீசை அரும்பியிருக்கும், வேற்றூர்க் கல்லூரிக்கும் போயிருக்கலாம். பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்தவர் திரைக்கு இப்பால் அமர்ந்திருந்தவரே. திரையில் இருந்தவன் அசையவே இல்லை.

நம் பழங்கதைகள் இதனை எங்ஙனம் கையாண்டன என்று காண்போம். பாகவதமும் விஷ்ணு புராணமும் கூறும் ககுத்மியின் கதை பலரும் கேட்டதே. குசஸ்தலியை ஆண்ட அவ்வரசன், தன் மகள் ரேவதிக்கு ஏற்ற மணமகன் யாரெனக் கேட்டறிய அவளையும் அழைத்துக்கொண்டு பிரமனின் அவைக்குச் சென்றான். அங்கே இசை நிகழ்ந்துகொண்டிருந்தது. சற்று நேரம் காத்திருந்தான். இசை முடிந்ததும் தன் உள்ளத்தில் இருந்த அரசகுமாரர்களின் பெயர்களைச் சொன்னான். பிரமன் நகைத்தான். அந்தச் சிறு பொழுதிற்குள் மண்ணுலகில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்துவிட்டன. அவன் எண்ணியிருந்தோரும் இல்லை. அவர்தம் வழிவந்தோரின் பெயர்களும் இல்லை. அவன் மீண்டு வந்தபோது குசஸ்தலி துவாரகையாகியிருந்தது. மனிதர் உருவம் குறுகியிருந்தனர். ரேவதி பலராமனுக்கு மனைவியானாள். அவள் மிக உயரமாயிருந்தமையால் பலராமன் தன் கலப்பையால் அவளை அக்காலத்து அளவுக்குக் குறுக்கினான் என்று விஷ்ணு புராணம் கூறும். தந்தையோ மகளை மணமுடித்துத் தந்தபின் தவம் செய்ய இமயம் சென்றான்.

இக்கதையை நாம் வேடிக்கையாகவே சொல்லிவந்திருக்கிறோம். ஊன்றி நோக்கின் இதனுள் ஒரு துயர் உண்டு. ஒரே பயணம் மேற்கொண்ட இருவருள் மகள் புதிய காலத்துள் நுழைந்து வாழ்கிறாள்; அதற்காகத் தன் அளவையே மாற்றிக்கொள்ள நேர்கிறது. தந்தையால் அது இயலவில்லை. அவன் தேடிய ஊர் இருந்த இடத்தில் வேறோர் ஊர் இருக்கிறது. அவன் மலையேறிப் போகிறான்.

தமிழில் சாத்தனார் இதனினும் நெருக்கமாக ஒரு காட்சியைத் தந்துள்ளார். மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், அமுதசுரபியோடு சாவக நாட்டின் பசி தீர்க்கக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவில் கப்பல் தங்கியபோது கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என எண்ணி, கப்பல் இரவில் அவனை விட்டுச் சென்றுவிட்டது. உண்பார் ஒருவரும் இல்லாத தீவில் தன் ஒருவன் வயிற்றை மட்டும் நிரப்ப மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விடுத்து, உண்ணாதிருந்து உயிர்நீத்தான். மறுபிறப்பில் சாவகத்து மன்னன் புண்ணியராசனாகத் தோன்றினான். மணிமேகலையால் முற்பிறப்பை அறிந்து, அதே தீவுக்கு வந்து, மணலின்கீழ்க் கிடந்த தன் பழைய உடம்பின் என்புகளைத் தானே கண்டான். அருகில் வேறு சில என்புகளும் இருந்தன. அவனை விட்டுச்சென்றதை உணர்ந்து, தேடித் திரும்பி வந்து, அவன் இறந்தமை அறிந்து, அங்கேயே உயிர்விட்ட வணிகரின் என்புகள் அவை. கடந்த காலத்தைக் கண்ணெதிரே கண்டும் அந்த மன்னனால் ஒரு மணித்துளியையும் மாற்ற இயலவில்லை. தவறிய கப்பல் தவறியதே. காலந்தாழ்த்தி வந்த வணிகர் காலந்தாழ்த்தி வந்தவரே. ஆயினும் அக்காட்சி பயனற்றதன்று. தான் யார், தன் அறம் எங்கிருந்து தொடங்கியது என்பதை அவன் அறிகிறான்.

ஆக, இருவகைக் கதைகள் நம்முன் நிற்கின்றன. ஒன்று, பின்சென்று நேர்ந்ததை மாற்றலாம் என்கிறது. மற்றொன்று, மாற்ற இயலாது, அறிந்துகொள்ளலாம் என்கிறது. குழந்தைக்கு முன்னதே இனிக்கும். உடைந்த பொம்மை மீண்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று விழைவது குழந்தையின் உரிமை. அதை நாம் பறிக்க வேண்டுவதில்லை. ஆயின், பின்னதை ஒருபோதும் கேளாமலே அக்குழந்தை வளர்ந்துவிடுதல் தீது.

புலம்பெயர்ந்த குடும்பங்களாகிய நமக்கு இது வெறும் இலக்கிய வழக்கன்று. நம் பேச்சில் ஒரு டோலக்பூர் இருக்கிறது. நாம் விட்டு வந்த ஊரைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அதே ஆற்றில் நீர் நிறைந்து ஓடுகிறது. அதே திண்ணையில் பெரியப்பா அமர்ந்திருக்கிறார். கோரமண்டல் விரைவு வண்டியில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டும்போதோ, திண்ணை இடித்த வீட்டில் மாடி எழுந்திருக்கிறது. பெரியப்பா படத்தில் மாலையோடு இருக்கிறார். நமக்கு அது குசஸ்தலி; பிள்ளைக்கு அது துவாரகை. பிள்ளை துவாரகையைக் கண்டு மகிழ்கிறது. நாம் குசஸ்தலியைக் காணாது வாடுகிறோம். இருவரும் ஒரே ஊரில்தான் நிற்கிறோம் என்பதை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளச் சொற்கள் வேண்டும். அச்சொற்களைத் தருவதே கதையின் பணி. ரேவதியைப்போல் நம் பிள்ளைகளும் வங்காளியும் இந்தியும் ஆங்கிலமும் கற்றுத் தம் அளவை இவ்வூருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டவர்கள். அது குற்றமன்று, வாழ்வதற்குரிய வழி. அவர்களை நோக்கிக் குறைகூறிவிட்டுத் தந்தை இமயம் ஏகுவதுதான் ஆகாது.

நம் அண்டையிலுள்ள வங்க மக்கள் தம் பிள்ளைகளுக்கான கற்பனையைத் தம் மொழியிலேயே வளர்த்தவர்கள். உபேந்திரகிஷோர் ராய் 1913இல் தொடங்கிய 'சந்தேஷ்' இதழில், அவர் பேரர் சத்யஜித் ராய் 1961இல் பேராசிரியர் ஷோங்குவைப் படைத்தார். நாராயண் தேப்நாத் 1965இல் படைத்த பலசாலி 'பாட்டுல்' இன்னும் படிக்கப்படுகிறான். நமக்கும் 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவும், 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தோன்றிய முத்து காமிக்ஸும் இருந்தன. இங்குள்ள பெற்றோருள் பலர் அவற்றைப் போர்வைக்குள் ஒளித்துப் படித்தவர்களே. அவர்தம் பிள்ளைகளோ பீமை இந்தியில் கேட்டு வளர்ந்தவர்கள். படம் இந்தியில் இருப்பது அதன் குறையன்று. படம் முடிந்தபின் வீட்டில் தமிழ்க் கதை தொடங்காதிருப்பதே குறை.

அதற்கு வேண்டிய கருவிகள் அலிப்பூரிலேயே இருக்கின்றன. இங்குள்ள மிருகக்காட்சிசாலை 1876இல் தொடங்கியது. அங்கு நெடுங்காலம் வாழ்ந்து 2006ஆம் ஆண்டு மார்ச்சில் இறந்த 'அத்வைதா' என்னும் ஆமைக்கு 250 வயதுக்கு மேல் இருக்கலாம் என்றனர். ராபர்ட் கிளைவிடம் இருந்த ஆமை அது என்பது வழிவழிச் செய்தி. எந்த இயந்திரமும் இன்றி, நாளுக்கு நாளாக நடந்தே காலத்தைக் கடந்த உயிர் அது. அருகே பெல்வடேர் வளாகத்தில் தேசிய நூலகம் இருக்கிறது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான வையாபுரிப் பிள்ளையின் நூற்றொகுப்பு அங்கேதான் காக்கப்படுகிறது. நெல்லைச் சீமையில் பிறந்த ஓர் அறிஞர் தேடிச் சேர்த்த ஏடுகளும் நூல்களும், நம்மைப்போலவே, வங்கத்தில் வந்து குடியேறியிருக்கின்றன.

பிள்ளைகள் பீமைப் பார்க்கட்டும். லட்டு உண்டு வென்றவனோடு சேர்ந்து துள்ளட்டும். படம் முடிந்ததும், ஒரு பிடி சோறு பிசைந்து கையில் வைத்துக்கொண்டே, இசை கேட்கச் சென்று தாமதித்த அரசனின் கதையையும், கப்பல் தவறவிட்ட ஆபுத்திரனின் கதையையும் தமிழில் சொல்லுவோம். சொல்லி முடித்து, திரும்பி வந்தபோது ஊர் எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளையிடம் கேட்போம். அது தரும் விடையைத் திருத்தாமல் கேட்டுக்கொள்வோம். நாம் அறியாத துவாரகையைப் பற்றி அது நமக்குச் சொல்லக்கூடும்.