அவசரம் இல்லாத மனுஷன்

'எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாவது போய் நிம்மதியா இருக்கணும்' என்று புலம்பாதவர் நம்மில் யார்? பீட்டர் மேயில் என்ற ஆங்கிலேயர் புலம்பியதோடு நிற்கவில்லை. விளம்பரத் துறை வேலையை விட்டவர், தெற்கு பிரான்சில் மெனெர்ப் என்ற கிராமத்துப் பக்கம் பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்கிக் குடியேறிவிட்டார். அங்கே கழிந்த ஒரு வருடத்தை மாதத்துக்கு ஓர் அத்தியாயமாக எழுதினார். 1989-ல் வந்த 'எ இயர் இன் ப்ராவென்ஸ்' உலகம் முழுக்க சக்கைப்போடு போட்டது.

அதில் வீட்டு வேலைக்கு வரும் கொத்தனார்கள் திடீர் திடீரென்று காணாமல் போவார்கள். வருடக் கடைசி வரை வேலை முடியாது. மேயில் ஒரு தந்திரம் செய்கிறார். 'வேலை முடிந்த சந்தோஷம்' என்று சொல்லி, எல்லோரையும் மனைவியோடு விருந்துக்குக் கூப்பிடுகிறார். தன் புருஷன் வேலை மட்டும் அரைகுறையாகக் கிடப்பதை எந்த மனைவி பொறுப்பாள்? வேலை மளமளவென்று முடிகிறது!

சிரித்துச் சிரித்துப் படிக்கலாம். ஆனால், அந்தக் கொத்தனார் தன் கதையை எழுதியிருந்தால் அதிலும் இத்தனை சிரிப்பு இருந்திருக்குமா?

கம்பம் பள்ளத்தாக்குக்கு லீவில் வருகிற நம்மவர்களும் மேயில் மாதிரிதான். சென்னையோ துபாயோ, எங்கிருந்து வந்தாலும் திராட்சைப் பந்தல், சுருளி அருவி, சிலுசிலு காற்று என்று சுற்றிவிட்டு, 'இங்க டைமே ஓட மாட்டேங்குதுப்பா' என்று சொக்கிப்போவார்கள். அந்த ஊர்க்காரனுக்கு டைம் எப்படி ஓடுகிறது என்று காட்டிய படம், 2018 ஆகஸ்ட்டில் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. இயக்கம் லெனின் பாரதி. தயாரிப்பு விஜய் சேதுபதி.

ரங்கசாமி நிலமில்லாத கூலி. மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டுக்கும் அடிவாரத்துக்கும் நடந்தே சுமை தூக்குகிறவன். முதல் பாதி முழுக்க அவன் நடக்கிறான், நாமும் கூடவே நடக்கிறோம். வழியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஒரு வார்த்தை, டீக்கடையில் ஒரு நிறுத்தம். தேனி ஈஸ்வரின் கேமராவுக்கும் அவசரமே இல்லை. அதே பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா, பல இடங்களில் மலையின் சத்தத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். நடிப்பவர்களில் பலர் அந்தப் பக்கத்து ஜனங்களே.

பார்க்கப் பார்க்க மனசு லேசாகும். அப்போதுதான் ஒன்று உறைக்கிறது. இந்த மனுஷன் மெதுவாக நடப்பது ரசிப்பதற்காக இல்லை, முதுகில் மூட்டை இருக்கிறது! ரத்தம் துப்பிக்கொண்டே சுமையை விடாத பெரியவர் ஒருவர் வருகிறார். நிலம் வாங்கும் ஆசையில் ரங்கசாமி சுமந்து இறங்கும் ஏலக்காய் மூட்டை, சரிவில் உருண்டு சிதறுகிறது. அழுகை இல்லை, பின்னணி வசனம் இல்லை. அவனுடைய பல வருட நடை ஒரு நொடியில் பள்ளத்துக்குள் போய்விடுகிறது.

குறை இல்லாத படமா? இல்லை. ஒருவழியாக அவனுக்கு நிலம் கிடைத்த பிறகு படம் ஓட்டமெடுக்கிறது. விதை, உரம், கடன், நஷ்டம் எல்லாம் அடுத்தடுத்து சடசடவென்று வந்து விழுகின்றன. கடன் நடந்து வராது, ஓடித்தான் வரும். அதனால் அந்த வேகத்துக்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆனாலும் மனைவி ஈஸ்வரி அந்த நாட்களை எப்படிக் கடந்தாள் என்று பார்க்க, இயக்குநர் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். மலைப் பாதையில் காட்டிய பொறுமையை வீட்டுக்குள்ளும் காட்டியிருக்க வேண்டாமா?

ஆனால் அந்தக் கடைசிக் காட்சி! கம்பம் கணவாய் வழியாக வீசும் காற்று நமக்கு சுகம், காற்றாலைக் கம்பெனிக்குக் கரன்ட். கைவிட்டுப்போன தன் நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு ரங்கசாமியே வாட்ச்மேன் ஆகிறான். இப்போது மூட்டை இல்லை, ஏற்றம் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் வேலை. கேமரா மேலே போகப் போக, வரிசை வரிசையாகக் காற்றாடிகள். நாம் ஏங்குகிற 'சும்மா உட்கார்ந்திருக்கிற வாழ்க்கை' அவனுக்குக் கடைசியில் கிடைத்துவிட்டது. ஆனால் என்ன விலை கொடுத்து?

புத்தகம் படித்துவிட்டு ரசிகர்கள் வாசலில் வந்து நின்றபோது, மேயில் சில வருடங்கள் அமெரிக்காவுக்குப் போய் இருந்துவிட்டு மறுபடி ப்ராவென்ஸுக்கே திரும்பினார். அவருக்குப் போகவும் வரவும் வழி இருந்தது. நிதானமான வாழ்க்கை தேடி நாம் எந்த ஊருக்குப் போனாலும், பையில் ரிட்டர்ன் டிக்கெட்டோடுதான் போகிறோம். அந்த டிக்கெட் இல்லாதவனின் கதையைச் சொல்கிறது இந்தப் படம். அடுத்த லீவுக்குத் தேனிப் பக்கம் கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.