குநியூசென்ஸ் இயங்குதளத்தின் எழுச்சியும் தேய்வும்: ஒரு மதிப்பீடு

லினக்ஸ் கருனியைக் கொண்ட இயங்குதளங்கள் யாவும் முழுமையாகக் கட்டற்றவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. 2006ஆம் ஆண்டின் உபுண்டு அவ்வாறு இருக்கவில்லை. மூலநிரல் வெளியிடப்படாத இயக்கிகளும் சாதன நிரல்களும் அதில் இடம்பெற்றிருந்தன. அவற்றைக் களைந்து, எஞ்சியதைத் தனி இயங்குதளமாக வழங்கும் நோக்குடன் பிரையன் பிரேசில், பால் ஓமாலி ஆகிய இருவர் தொடங்கியதே குநியூசென்ஸ். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ஆதரவுடன் அதன் முதற்பதிப்பு அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. குனு திட்டத்தின் பெயரோடு, தொல்லையைக் குறிக்கும் ‘நியூசென்ஸ்’ என்ற சொல்லும் இப்பெயரில் ஒலிப்பது தற்செயல் எனத் தோன்றவில்லை.

இதன் தேய்வுக்குக் கொள்கைப் பிடிவாதமே காரணம் எனக் கூறுவோர் உளர். கம்பியில்லா இணைய அட்டைகள் பல இதில் இயங்கவில்லை என்பது மெய்யே. எனினும் அப்பிடிவாதத்திற்குப் பயனும் இருந்தது. முப்பரிமாண வரைகலைக்கு உதவும் எஸ்ஜிஐ நிறுவனத்தின் நிரல், கட்டற்றதாகக் கொள்ள இயலாத உரிமத்தின்கீழ் பல ஆண்டுகள் புழங்கியது. பிற வழங்கல்கள் பொருட்படுத்தாத இக்குறை, முழுக் கட்டற்ற வழங்கல்களுக்கு நெருக்கடியாயிற்று. 2008 செப்டம்பரில் அந்நிறுவனம் உரிமத்தைத் திருத்தியபோது பயன்பெற்றோர் அனைவருமே. 2011 பிப்ரவரியில் வெளியான டெபியன் 6.0, கட்டற்றதல்லாத சாதன நிரல்களைத் தன் கருனியிலிருந்து தானே பிரித்து வைத்தது.

உண்மையான நலிவு கால அட்டவணையில் இருந்தது. களைதல் ஒருமுறை செய்து முடிக்கும் பணியன்று. மூல வழங்கல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதனை மீண்டும் செய்தாக வேண்டும். குநியூசென்ஸ் 3.0, டெபியன் 6.0ஐ அடிப்படையாகக் கொண்டு 2013 ஆகஸ்டில் வந்தது. டெபியன் 7 அதற்கு முன்பே, மே மாதத்தில், வந்துவிட்டது. டெபியன் 7ஐச் சார்ந்த 4.0 பதிப்பின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அது 2016 மே மாதம் வெளியாவதற்குச் சில நாட்கள் முன்னரே டெபியன் 7க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிவுற்று, நீட்டித்த ஆதரவு தொடங்கியிருந்தது. பயனருக்குக் கிடைத்தது, பிறக்கும்போதே முதுமையெய்திய இயங்குதளம். அதன்பின் புதுப்பதிப்பு இல்லை.

களைதல் முறையே தோல்விக்கு உரியது என முடிவு கட்டவும் இடமில்லை. ஸ்பெயினின் கலீசியாவில் தோன்றிய டிரிஸ்கெல் அதே முறையில் இன்றும் தொடர்கிறது. ஆனால் அது பிற்காலத்தில் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை மட்டுமே பின்பற்றியது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு இருப்பதால், சிறு குழு காலந்தாழ்த்தினும் பயனர் கைவிடப்படுவதில்லை. குநியூசென்ஸோ இடையில் உபுண்டுவை விட்டு டெபியனுக்கு மாறி, உள்ள ஆள்வலிமையையும் அம்மாற்றத்தில் செலவிட்டது.

2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து நிலைப்பாட்டை மாற்றினர். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12இன் நிறுவியில் கட்டற்றதல்லாத சாதன நிரல்கள் மீண்டும் இடம்பெற்றன.