கார்னரின் 3.09

ஒருநாள் கிரிக்கெட்டின் சிக்கனமான வேகப்பந்து வீச்சாளர் யார் என்று பட்டியல் போடும்போதெல்லாம் ஜோயல் கார்னர்தான் முன்னால் வந்து நிற்கிறார். 98 ஆட்டம், 146 விக்கெட், ஓவருக்கு 3.09 ரன். பொல்லாக் (3.67), மெக்ரா (3.88) எல்லாம் அவருக்குப் பின்னால்தான். அந்தக் காலத்து ஆட்டமும் இந்தக் காலத்து ஆட்டமும் ஒன்றா என்று கேட்டால் இப்போது பதில் தயாராக இருக்கிறது: அந்தந்தக் காலத்துச் சராசரியால் வகுத்துவிட்டோம், கணக்கு நேராகிவிட்டது!

வகுக்காததற்கு வகுத்தது தேவலாம்தான். களத்தடுப்புக் கட்டுப்பாடு, 2011இல் வந்த இரண்டு புதுப்பந்து, கனத்த மட்டை எல்லாம் அதில் ஓரளவு அடங்கிவிடுகின்றன. கார்னரின் யார்க்கருக்கும் யாருடைய சான்றிதழும் தேவையில்லை.

என் குறை வேறு. மட்டையாளர் அடிக்கத் துணிந்தாரா என்பதை எகானமி, அதாவது ஓவருக்கு இத்தனை ரன் என்ற எண், சொல்வதே இல்லை. 1979 உலகக் கோப்பை இறுதியாட்டம். இங்கிலாந்துக்கு 60 ஓவரில் 287 தேவை. பாய்காட்டும் பிரியர்லியும் 38 ஓவர் நின்று சேர்த்தது 129. அன்று கார்னர் 11 ஓவரில் 38 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். கைமாற்றாகச் சுழல் போட்ட ரிச்சர்ட்ஸ் கொடுத்தது 10 ஓவரில் 35. எகானமியில் இருவரும் ஏறத்தாழச் சமம். ரிச்சர்ட்ஸின் பந்துவீச்சை கார்னருக்கு இணை என்று யார் சொல்வார்கள்? அந்த எண் சொல்கிறது.

இந்தியாவுக்கு எதிரான 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கார்னர் 12 ஓவரில் 24, மார்ஷல் 11 ஓவரில் 24. ஐந்தாவது ஆளான கோம்ஸ் 11 ஓவரில் 49. அன்றைய வழக்கம் இதுதான்: நல்லவனைக் கும்பிட்டு அனுப்பு, ஐந்தாவது ஆளிடம் வசூல் செய். (ஒரு முட்டியை ஊன்றி ராபர்ட்ஸை எல்லைக்கு விரட்டிய நம் ஸ்ரீகாந்த் விதிவிலக்கு.) கும்பிட்டதால் கார்னரின் எண் இறங்குகிறது, கோம்ஸிடம் வசூலித்ததால் காலச் சராசரி ஏறுகிறது. இறங்கியதை ஏறியதால் வகுத்தால் சலுகை இரட்டிப்பாகிறது. திருத்தம் என்ற பெயரில் ஒரே பிழையை இருமுறை எண்ணுகிறார்கள். போதாததற்கு, அப்போதெல்லாம் வைடும் நோபாலும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாது. இந்தியாவின் 183ஐக் கூட்டிப் பாருங்கள்: ஆறு பேர் கொடுத்தது 163, உதிரி 20. அதில் வைடும் நோபாலுமாக 10 ரன், யார் தலையிலும் விழவில்லை.

பும்ராவையும்தான் பார்த்து ஆடித் தள்ளிவிடுகிறார்கள் என்பார்கள். முதல் ஸ்பெல்லில் சரி. 45ஆம் ஓவரில் அவர் திரும்பி வரும்போது யாரை விட்டு யாரை அடிப்பது? அடித்தே ஆக வேண்டும். அணிகள் 400ஐத் தாண்டிய 2023 உலகக் கோப்பையில் அவர் எடுத்தது 20 விக்கெட், கொடுத்தது ஓவருக்கு 4.06. என் கணக்கில் அது 3.09ஐவிடச் சிக்கனம்.

பட்டியல்காரர்கள் கடைசிப் பத்து ஓவர்களை மட்டும் தனியே பிரித்துக் காட்டட்டும். அதுவரை கார்னரை முதலிடத்தில் வைக்க நான் தயாரில்லை.