யாருக்குப் பழகியது?

"அந்த மாத்திரை எனக்குப் பழகிப்போச்சு, இப்பல்லாம் கேக்கமாட்டேங்குது." சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கிளினிக்குகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இலக்கணப்படி சரி, அறிவியல்படி தப்பு. ஆன்டிபயாடிக்குக்குப் பழகுவது நம் உடம்பு இல்லை, உடம்பில் இருக்கும் பாக்டீரியா. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 12 நாடுகளில் கேட்டபோது, 76 விழுக்காட்டினர் உடம்புதான் பழகுகிறது என்றார்கள்.

நம் கலைச்சொல் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. ஆன்டிபயாடிக் 'நுண்ணுயிர் எதிர்ப்பி'. அதற்கு அடங்காத தன்மை 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு'. இன்னொரு பக்கம் 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்ற நல்ல விஷயமும் இருக்கிறது. எதிர்ப்பு கூடினால் நல்லதுதானே என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. பழகியது என் உடம்பு என்றால் அது என் சொந்தக் கவலை. பழகியது கிருமி என்றால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அது வரும். 2019இல் மட்டும் உலகில் சுமார் 1.27 மில்லியன் பேர் இப்படிப்பட்ட தொற்றுகளால் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இதைப் பற்றி நான் படித்ததில் சிறந்த கதையை எழுதியவர் எழுத்தாளர் இல்லை, பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1945 டிசம்பர் 11 அன்று ஆற்றிய நோபல் உரையின் முடிவில் ஒரு குட்டிக்கதை வருகிறது. திரு. எக்ஸுக்குத் தொண்டைவலி. தானே பெனிசிலின் வாங்கி அரைகுறையாகப் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகி, மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு நிமோனியா. அதே பெனிசிலின் கொடுக்கிறார்கள், கேட்கவில்லை. இறந்துபோகிறார்.

மாறுவது கிருமி, சாவது வேறொருவர். இரண்டையும் சில வரிகளில் சரியாகப் பிடித்த கதை. ஆனால் முடிவில் ஃபிளெமிங் நீதிபதி ஆகிவிடுகிறார்: குற்றவாளி கணவர்தான், போடுவதென்றால் போதுமான அளவு போடு. மருந்தை விற்றவர் கதையில் இல்லை. அந்தத் தொண்டைவலிக்கு மருந்தே தேவையா என்ற கேள்வியும் இல்லை.

'யார் குற்றவாளி' என்ற கேள்வி பின்னாளில் ஒரு பெயரிலும் ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் பல மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா கிடைத்தது. அதற்கு உதவிய நொதிக்கு நியூ டெல்லியின் பெயரை வைத்தார்கள். 2010இல் அது பரவியதைச் சொன்ன ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. ஆனால் பெயர் நாட்டுக்கு அவமானமா என்பதே பெரிய சர்ச்சையானது. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்' கேள்வியை மாற்றியது: நடைமுறையில் எதைச் செய்ய முடியும்?

சிங்கப்பூர் 2017இல் வெளியிட்ட தேசியச் செயல்திட்டத்தில் மனிதர், விலங்கு, உணவு, சுற்றுச்சூழல் எல்லாமே உண்டு. பொறியாளனாக இது எனக்குப் புரிகிறது. இயந்திரம் பழுதானால் கடைசியாகத் தொட்டவரை மட்டும் பிடித்து விசாரிப்பதில்லை. ஃபிளெமிங்கின் கதையில் விடுபட்ட பாத்திரங்கள் இந்த அரசாங்க ஆவணத்தில் இருக்கிறார்கள். என்ன, படிக்கத்தான் சுவாரசியமில்லை.

அதைக் கதையாக்குவது நம் வேலை. கலைச்சொல் அகராதியில் கிடக்கட்டும். 'மருந்துக்குக் கேட்காத கிருமி' என்று எழுதினால் தேக்காவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.