கட்டைவிரலின் சாட்சியம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பில், தொழிலில் என்னைவிடப் பத்து வருடம் மூத்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர், தோளின் முன்பக்க வலிக்கு ஆழ அழுத்தித் தேய்க்கும் முறையை ஆதரித்து ஒரு மணி நேரம் பேசினார். முடிக்கும்போது, "ஆயிரம் தோளைத் தொட்ட கட்டைவிரலுக்கு ஸ்கேன் எதுக்கு?" என்றார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரமானது. மசாஜ் கன்னைப் பையில் போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போகிற தலைமுறைக்கு இந்த வாக்கியம் தேனாக இனித்திருக்கும். இளையவர்கள் பாதிப் பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

தேய்ப்பதால் பலனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தோள் வலிக்காரர்கள் 29 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரத்தில் ஆறு முறை மசாஜ் பெற்றவர்களுக்கு வலி குறைந்தது, கை கூடுதலாக அசைந்தது. பயத்தில் இறுகிக் கிடந்த தசை தளர்கிறது, இரவில் தூக்கம் வருகிறது. ஒருவர் அரை மணி நேரம் பொறுமையாக நம் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதே இந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஆனால் அந்த ஆய்வு மசாஜை ஒப்பிட்டது சிகிச்சை ஏதும் இல்லாமல் காத்திருந்தவர்களோடு. அதுவும் இரண்டே வாரம்.

என் சண்டை பழையது, வேறு இடத்தில் இருப்பது. தேய்ப்பவர் தோளின் முன்னால் ஓரிடத்தில் அமுக்குகிறார். வலிக்கிறது. "இங்கதான் இருக்கு" என்கிறார். பிறகு தேய்க்கிறார். வலி மட்டுப்படுகிறது. "பாத்தீங்களா?" என்கிறார். புகார் கொடுத்ததும் விசாரித்ததும் தீர்ப்பு எழுதியதும் ஒரே கட்டைவிரல்.

அந்த விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது? மேற்கை எலும்பின் தலையில் இரண்டு மேடு, நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் பைசெப்ஸின் நீண்ட தசைநாண் கப்பியில் ஓடும் கயிறு மாதிரி ஓடுகிறது. உட்பக்கமாகச் சற்று தள்ளினால் சப்ஸ்காபுலாரிஸ் என்ற தசையின் நாண். மேலே காறை எலும்பு தோள்பட்டை எலும்பைத் தொடும் சின்ன மூட்டு. பெரும்பகுதிக்கு மேல் டெல்டாய்டு தசை போர்வையாகக் கிடக்கிறது. இத்தனையும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். போதாததற்கு, கழுத்தில் நரம்பு நசுங்கினாலும் வலி இங்கே வரும். மாரடைப்பின் வலிகூட இடது தோளில் எட்டிப் பார்ப்பதுண்டு.

பைசெப்ஸ் பள்ளத்தை விரலால் கண்டுபிடிக்க முடியுமா என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது. அனுபவத்தில் ஏற்றத்தாழ்வுள்ள மூன்று மருத்துவர்கள், தோளில் குறையில்லாத 25 பேரைத் தொட்டு இடத்தைக் காட்டினார்கள். அல்ட்ராசவுண்டில் சரிபார்த்தபோது, 75 முயற்சிகளில் சரியாக விழுந்தவை நான்கு. நான்கு! ஆயிரம் தோள் கணக்கைச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தசைநாணைக் குறுக்காகத் தேய்க்கும் முறைக்கு மூலவராக எல்லோரும் கும்பிடுவது லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஜேம்ஸ் சிரியாக்ஸை. பைசெப்ஸ் நாணுக்கு அவர் முறை அழகானது: முழங்கையை மடக்கி, கட்டைவிரலைப் பள்ளத்தின் மேல் அழுத்தி அப்படியே நிறுத்திவிட்டு, முன்கையைப் பிடித்து உள்ளும் புறமும் சுழற்ற வேண்டும். விரல் நிற்க, எலும்பு அதற்கடியில் உருளும். ஆனால் அந்த மனிதர் விரலை வைப்பதற்கு முன்னால் செய்த வேலைதான் அதிகம். கையை நோயாளி தூக்கிப் பார்ப்பது, மருத்துவர் தூக்கிப் பார்ப்பது, எதிர்த்துத் தள்ளச் சொல்வது என ஒவ்வொரு திசுவாக விசாரிப்பார். சந்தேகம் தீராவிட்டால் மரப்பு ஊசி போட்டு, வலி போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வருவார். நம் ஆட்கள் விரலை வைத்துக்கொண்டு விசாரணையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

விரல் சரியான இடத்தில்தான் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். நாள்பட்ட தசைநாண் வலியை வெறும் அழற்சி என்று சொல்வதையே கைவிடுங்கள் என்று 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிவிட்டார்கள். நாணின் இழைகள் ஒழுங்கு குலைந்து கிடக்கின்றன. அவற்றுக்குத் தெரிந்த மொழி பாரம் ஒன்றுதான். படிப்படியாக எடை ஏற்றிப் பழக்கினால்தான் நாண் தாங்கத் தொடங்கும். பத்து நிமிடம் தேய்த்தால் அந்த இடம் மரத்துப்போகிறது. மரத்துப்போனதைத்தான் குணமாயிற்று என்று விற்கிறோம். முழங்கை, முழங்கால் நாண்களுக்கு இந்தத் தேய்ப்பு பயன்படுமா என்று அலசிய 2014ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, சொல்லும்படி சான்றில்லை என்று முடித்தது. தோளுக்கு மட்டும் விதி வேறா?

'நம் ஆட்கள்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நானும் ஆறு வருடம் தேய்த்துப் பிழைத்தவன். வாரம் மூன்று சிட்டிங். பலனில்லை என்றால் இன்னும் மூன்று. அப்போதும் தீராவிட்டால் நோயாளி சொன்னபடி ஓய்வெடுக்கவில்லை என்பேன். இந்தத் தொழிலில் தோற்கவே முடியாது, தோற்பதெல்லாம் நோயாளிதான்.

போன வருடம் ஒரு பெயிண்டர் வந்தார். ஐம்பத்து நான்கு வயது. சீலிங் அடிக்கும்போது பிடித்துக்கொண்டதாம், வலது தோள், நான்கு மாதம். வேறெங்கோ பத்து சிட்டிங் முடித்திருந்தார். சட்டையைக் கழற்றினால் தோளின் முன்னால் பழைய ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ரத்தம் கட்டி நீலம் பாரித்திருந்தது. "பைசெப்ஸ் நரம்புன்னாங்க சார். அமுக்குனா அங்கதான் உயிர் போகுது."

முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன். இடது கை கதவு மாதிரி திறந்தது. வலது கை அசையவே இல்லை. நான் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. நாண் மட்டும் பழுதாகியிருந்தால் என் கையாவது அதைத் திருப்பியிருக்கும். மூட்டின் உறையே இறுகிவிட்ட ஃப்ரோஸன் ஷோல்டர் அது. எக்ஸ்ரேயில் எலும்பில் குறையில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு இது அதிகம் வரும் என்பதால் சோதிக்கச் சொன்னேன். வெறும் வயிற்றில் 240. அதுவரை ஒருவரும் அவரிடம் சர்க்கரை உண்டா என்று கேட்டிருக்கவில்லை. பத்து சிட்டிங்கில், கதவைத் திறப்பது போலக் கையைத் திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் அரை நிமிடம் கிடைக்கவில்லை. தொடத் தெரிந்த விரலாம்!

அவருக்கு மட்டும் திருப்தியில்லை. "அப்ப அந்த எடத்துல ஏன் சார் அப்படி வலிக்குது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் பதில் சொல்லாமல், வலியே இல்லாத இடது தோளில் அதே இடத்தைத் தேடிக் கட்டைவிரலை வைத்து, அதே அளவுக்கு அமுக்கினேன்.

"ஐயோ சார், இங்கயும் இருக்கா?" என்றார்.